என் படங்களில் சீகை மரம் இல்லை

கோத்தகிரியில் என் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் எதிரில் நிற்பது சீகை மரம். பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் அதுதான். மேட்டின் மேல், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பஸ் ரோட்டு வளைவில் எங்கும் அதுவே. மார்கழியில் உறைபனி விழும் நாட்களில் எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பில் எரிவதும் சீகை விறகு. நான் நீலகிரியை வரைந்து பிழைக்கிறவன். தபால் அட்டை அளவிலிருந்து சுவர் அளவு வரை நிறைய வரைந்து விற்றாயிற்று. அவற்றில் ஒன்றில்கூடச் சீகை மரம் கிடையாது. மறதியால் விட்டுப் போனதில்லை. ஒவ்வொரு தடவையும் தெரிந்தே விட்டேன்.

சமவெளியில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். வாட்டில் என்று வனத்துறைக்காரர்கள் சொல்கிற மரத்தைத்தான் மலையில் சீகை என்கிறோம். ஆஸ்திரேலியாவில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள். பிறகு பட்டை தோல் பதனிட உதவும் என்றும், மரம் கூழாகும் என்றும் சொல்லிப் புல்வெளிகளில் வளைத்து வளைத்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின்பும் அந்த நடவு நிற்கவில்லை. நீலகிரியின் மேல்மலைக்கு இயல்பான அமைப்பு வேறு. மடிப்புகளில், நீர் இறங்கும் இடங்களில் சோலைக்காடு இருக்கும், சரிவெல்லாம் புல். சீகை அந்தப் புல்லின் மேல் ஏறிக்கொண்டது. வெட்டினாலும் தழைக்கும், தீ வைத்தாலும் முளைக்கும். மண்ணுக்குள் விதை பல வருஷம் உயிரோடு கிடக்கும். இந்த மாதிரி அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

இந்த வரலாறு எனக்குச் சௌகரியமாக இருந்தது. “ஏன் சார், இந்த இடத்தில் மரமாக இருக்குமே, நீங்கள் வெறும் புல்மலையாகப் போட்டிருக்கிறீர்களே?” என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் தயாராக இருக்கும். “மலை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வரைகிறேன். அந்நிய மரத்துக்கு என் தாளில் இடமில்லை” என்பேன். கேட்டவர் என்னைச் சுற்றுச்சூழல்காரன் என்று நினைத்து மரியாதையோடு பார்ப்பார். சிலர் அதற்காகவே படம் வாங்கினார்கள்.

அந்தப் பதில் பொய். அந்நியச் செடியை ஒதுக்குவது என் கொள்கையென்றால் முதலில் தேயிலையை ஒதுக்கியிருக்க வேண்டும். அதுவும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். அதுவும் காட்டையும் புல்லையும் அழித்து வந்ததுதான். என் படங்களில் தேயிலை இல்லாத படத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். காரணம் விற்பனை. வரிசை வரிசையாய் இறங்கும் பச்சைச் சரிவும் அதன்மேல் மூடுபனியும் பெங்களூர்க்காரருக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும் பிடிக்கும். சீகை பிடிக்காது. அது சாம்பல் பூத்த பச்சை, நுனியெல்லாம் பிசிறு, தூரத்திலிருந்து பார்த்தால் அழுக்குப் போல இருக்கும். ஆகவே தேயிலை உள்ளே வந்தது, சீகை வெளியே போனது. கொள்கை எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது.

நடக்காதவன் இப்படி வரைந்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். நான் நடக்கிறவன். லாங்வுட் சோலையின் ஓரத்துப் பாதை, கோடநாடு போகும் வழியில் பிரியும் கிராமத்துப் பாதைகள், ரங்கசாமி முடி தெரியும் மேடுகள், இவையெல்லாம் கால் அறிந்த இடங்கள். காட்டெருமை எந்தத் தேயிலைக் காட்டில் காலையில் நிற்கும், கரடி எந்தப் பேரிக்காய் மரத்துக்கு வரும் என்பதைக் கேட்டுக்கொண்டு புறப்படுவது இங்கே எல்லோருக்கும் வழக்கம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு கெடுபிடி கூடியது. 2024 அக்டோபரில் அரசே நாற்பது பாதைகளைத் திறந்து, பணம் கட்டி முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம் என்று ஒழுங்கு செய்தது. நான் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வராத, ஊரையும் ஊரையும் இணைக்கிற பாதைகளிலேயே நடப்பவன்.

நடக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கையில் இருக்கும். உட்கார்ந்து வண்ணம் தீட்ட மலைக்காற்று விடாது. ஒரு பத்து நிமிஷத்தில் தாளின் மேல் பனி இறங்கிவிடும். கோட்டில் அமைப்பை எடுத்துக்கொண்டு நிறங்களை வார்த்தையில் எழுதிவைத்துக்கொள்வேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. எட்வர்ட் லியர் என்ற ஆங்கில ஓவியர் இப்படித்தான் செய்வார். குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாட்டு எழுதியதால் அதிகம் அறியப்பட்டவர். 1874இல், அறுபது வயது தாண்டிய நிலையில், நீலகிரிக்கும் வந்து போனார். இடத்தில் வேகமாகக் கோடிழுத்து, கோட்டின் மேலேயே இன்ன இடம் இன்ன நிறம் என்று எழுதிவைத்து, பிறகு அறையில் உட்கார்ந்து முடிப்பார். கல்லூரியில் படிக்கும்போது இதைத் தெரிந்துகொண்டு நானும் பழகினேன்.

அந்த நோட்டுகள்தான் இப்போது எனக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. ஒரு பக்கத்தைப் புரட்டுகிறேன். “இடது சரிவு முழுக்கச் சீகை, மங்கல் சாம்பல் பச்சை, பூத்த இடத்தில் வெளிர் மஞ்சள். நடுவில் கரண்ட் கம்பம் நான்கு. கீழே சின்டெக்ஸ் தொட்டி, கறுப்பு. லைன் வீட்டுக் கூரை துரு. வலது மேட்டில் செல்போன் கோபுரம், சிவப்பு வெள்ளை.” இதை எழுதிய கைதான் வீட்டுக்கு வந்து இடது சரிவைப் புல்லாக்கியது, கம்பம், தொட்டி, கோபுரம் மூன்றையும் மூடுபனியில் கரைத்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டை மட்டும் வைத்துக்கொண்டது, அதுவும் துருவைத் துடைத்துவிட்டு ஓட்டுக் கூரையாக மாற்றி. மூடுபனியைப் போல வசதியான பொருள் நீர்வண்ணக்காரனுக்கு வேறில்லை. எதை வரைய மனமில்லையோ அதன்மேல் ஈரத் தூரிகையை ஒரு தடவை ஓட்டினால் போதும். பார்ப்பவர்கள் “மூடுபனியை என்னமாய்ப் பிடித்திருக்கிறார்” என்பார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. படத்துக்கு முதல் கோடு போடும் கரிக்கோலை நான் கடையில் வாங்குவதில்லை. விரல் தடிமனுக்குக் குறைவான சீகைக் குச்சிகளை வெட்டி, பட்டை சீவி, மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டு வெந்நீர் அடுப்புக்குள் வைத்துவிடுவேன். ஓட்டை வழியாக முதலில் வெள்ளைப் புகை வரும். பிறகு அந்தப் புகையே தீப்பிடித்து ஒரு சின்ன நாக்குப் போல எரியும். அது அணைந்ததும் டின்னை வெளியே எடுத்து, ஆறும்வரை திறக்காமல் வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். சரியாக வந்தால் தட்டிப் பார்க்கையில் கண்ணாடிச் சத்தம் கேட்கும். கடைக் கரிக்கோலைவிட இது கொஞ்சம் கடினம், கோடு மெலிசாக வரும். வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கும் செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், மலையின் மரத்தாலேயே மலையை வரைகிறோம் என்று வசனம் பேசி. அந்தக் கரிக்கோட்டின் மேல் வண்ணம் பூசி, கோட்டை அழித்து, சீகை இல்லாத மலையைத்தான் பிள்ளைகள் முன்னால் முடித்தும் காட்டினேன். ஒரு பையன்கூட அதைக் கேட்கவில்லை. பிள்ளைகள் அப்படியே கற்றுக்கொண்டார்கள். அவர்கள் வரையும் மலைகளிலும் இப்போது சீகை இல்லை.

மரத்தோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற ஓர் அக்காவை ஒரு தடவை மாதிரிக்கு நிற்கச் சொன்னேன். அவருடைய அப்பா அம்மா இலங்கையின் மலையகத் தோட்டத்திலிருந்து 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே அனுப்பப்பட்டவர்கள். அப்படி வந்தவர்களைக் குடியமர்த்தத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களே உருவாயின. அக்கா வேலை உடுப்போடு வந்தார். புடவைக்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாள், காலில் ரப்பர் பூட்ஸ், கையில் கத்தரி, முதுகில் நைலான் பை. நான் என்ன செய்தேன்? சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்கிற இடத்திலிருந்து ஒரு மூங்கில் கூடையை வாடகைக்கு வாங்கிவைத்திருந்தேன். சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடையை மாட்டிக்கொள்ளச் சொன்னேன். அக்கா சிரித்தார்.

“ஏன் தம்பி, இப்ப யாரு கூடை கட்டறாங்க? இதை மாட்டிக்கிட்டுப் போனா மேஸ்திரி என்னைப் பைத்தியம்னு நினைப்பாரு.”

ஆனாலும் மாட்டிக்கொண்டார். மதிய நேரக் கூலி போகக்கூடாது என்று நான் கொடுத்த பணத்துக்காக மாட்டிக்கொண்டார். படத்தில் அவருக்குச் சிவப்புப் புடவை போட்டேன். பச்சைக்கு நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால் கண் நிற்கும், எல்லா ஓவியனுக்கும் தெரிந்த வித்தை. முகத்தைக் குனியவைத்து மறைத்துவிட்டேன். அந்தப் படத்தை அச்சடித்து வாழ்த்து அட்டையாக, புத்தகக் குறியாக, குளிர்பெட்டியில் ஒட்டுகிற காந்தமாக இன்றைக்கும் விற்கிறேன். இன்று பல எஸ்டேட்களில் கொழுந்து பறிப்பவர்கள் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். என் படத்தில் அவர்களும் கிடையாது.

வருஷா வருஷம் எனக்குச் சோறு போடுவது காலண்டர். ஜனவரிக்கு உறைபனி, ஏப்ரல் மேக்குச் சீசன், 1896 முதல் ஊட்டியில் நடந்துவரும் மலர்க் கண்காட்சி, ஜூன் ஜூலைக்குத் தென்மேற்குப் பருவமழை, செப்டம்பருக்கு ரெண்டாம் சீசன், கார்த்திகைக்கு அகல் விளக்கு, டிசம்பருக்கு ஹெத்தையம்மன் பண்டிகை என்று பன்னிரண்டு பக்கம். கேட்பவர்களுக்கு மலையின் வருஷம் அழகாகக் கைக்குள் அடங்கிவிடும். உறைபனிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் புல் நுனியெல்லாம் வெள்ளையாக, அதன்மேல் முதல் வெயில் படுகிற மாதிரி வரைவேன். அதே வெயில் பட்டதும் தேயிலைக் கொழுந்து கருகிப் போகும். சின்ன விவசாயி இரவே காய்ந்த புதர்களைப் பரப்பி மூடிவைத்துவிட்டு விடியும்வரை தூங்காமல் கிடப்பார். மூடிய செடி அழகாக இராது. ஆகையால் மூடவில்லை. பருவமழைப் பக்கமும் அப்படித்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த வருஷம் முடிந்து வந்த காலண்டரில் ஆகஸ்டுக்கு நான் போட்டது ஒரு குடையும் ஒரு டீக் குவளையும்.

ஹெத்தையம்மன் பண்டிகை படுகர் சமூகத்தின் பெரிய விழா. பேரகணியிலும் மற்ற ஊர்களிலும் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக ஆண்கள், வெள்ளை முண்டு அணிந்த பெண்கள் என்று மலையே வெளுத்த மாதிரி இருக்கும். விரதம் இருந்தவர்கள் கையில் தடியோடு வெறுங்காலில் ஊர் ஊராய் நடந்து வருவார்கள். பார்த்த எவரும் வரையாமல் இருக்க முடியாத காட்சி. என் சிநேகிதர் ஒருவர் பேரகணிக்காரர், தேயிலைத் தோட்டம் கொஞ்சம் வைத்திருக்கிறார், கோயம்புத்தூரில் வங்கி வேலை. வருஷம் தவறாமல் என்னை அழைத்துப் போவார். ஒரு டிசம்பர் பக்கத்தை அவரிடம் பெருமையாகக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

“நல்லாருக்குண்ணா. இது எங்க தாத்தா காலம். நான் எங்கே?”

வரிசையில் வருகிறவர்கள் மணிக்கட்டில் கடிகாரம் இருக்கும். பாதிப் பேர் கையில் செல்போன் இருக்கும். பின்னால் ஜீப்பில் தண்ணீர் கேன் வரும். விழாவுக்காகவே பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்த பெண்கள் குளிர்க் கண்ணாடியோடு ஆடுவார்கள். ஆட்டம் அதனால் ஒன்றும் குறைவதில்லை, என் கண்ணுக்கு அது கூடுதல் உற்சாகமாகவே தெரிந்தது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரு பழங்காலத்தை நான் தயாரித்திருந்தேன். உயிரோடு நடக்கிற விழாவை அருங்காட்சியகத்துக்குள் தள்ளிவிட்டேன் என்பதை அந்த ஒரு கேள்வியில் அவர் சொல்லிவிட்டார். நான் “அது அழகியல்” என்று ஏதோ உளறினேன். காலண்டர் அச்சுக்குப் போயிருந்தது, மாற்றவில்லை.

தோடர் பழங்குடியினரின் பூவேலை விஷயம் தனிக் குற்றம். விடுபட்டது அங்கே ஆள். வெளுத்த பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலை எண்ணி எண்ணித் தைக்கிற வேலை அது. சட்டம் கிடையாது, முன்கூட்டி வரைந்த மாதிரியும் கிடையாது, துணியின் இழையை விரலால் எண்ணிக்கொண்டே போவார்கள். அந்த வேலைப்பாட்டுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் அந்த வடிவங்களைக் கட்டையில் செதுக்கி அட்டைகளின் ஓரத்தில் அச்சிட்டு விற்றேன். கீழே என் கையெழுத்து. ஊட்டியில் ஒரு கைவினைச் சந்தையில் பக்கத்துக் கடை போட்டிருந்த தோடர் பெண்மணி ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தார். கோபப்படவில்லை. “இது உள் பக்கம்” என்றார். தன் போர்வையைப் புரட்டிக் காட்டினார். நூல் முனைகள் புடைத்துச் சொரசொரப்பாக இருக்கும் பக்கத்தைத்தான் அவர்கள் வெளிப்புறமாக வைத்துப் போர்த்துகிறார்கள். வெளியாட்கள் வழவழப்பான பக்கத்தைப் பார்த்து அதுதான் முகப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். பல வருஷமாகப் பக்கத்திலேயே இருந்து, அனுமதி கேட்காமல் எடுத்து, எடுத்ததையும் தலைகீழாக எடுத்திருக்கிறேன். கட்டையை அதன் பிறகு தொடவில்லை. அச்சிட்டு வைத்திருந்த அட்டைகளைக் கடைசிவரை விற்றுத் தீர்த்தேன்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது ஒரு சுவர்ப் படம். 2009 நவம்பர் மழையில் நீலகிரி பல இடங்களில் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடுகள் தூங்கும்போதே புதைந்தன. மழை ஓய்ந்ததும் நடந்து போய்ப் பார்த்தேன். பச்சைச் சரிவில் மேலிருந்து கீழே வரை சிவப்பாகக் கிழிந்து கிடந்தது. மண்ணின் சிவப்பு அவ்வளவு பச்சைப் புண்ணாக இருக்கும் என்று அதற்கு முன்னால் தெரியாது. நோட்டில் குறித்திருக்கிறேன், பக்கம் பக்கமாக. சில மாதம் கழித்து, அப்படிப்பட்ட ஒரு சரிவு தெரிகிற இடத்தில் புதிதாக வந்த ஒரு விடுதியில் வரவேற்பறைச் சுவருக்குப் பெரிய படம் கேட்டார்கள். ஜன்னலில் தெரிகிற அதே காட்சி வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: அந்தச் சிவப்பு வேண்டாம், வருகிறவர்கள் பயப்படுவார்கள்.

அப்போது நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பணத் தேவை இருந்தது உண்மை; ஆனால் பட்டினி கிடக்கிற தேவை இல்லை. ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல் ஆர்வமாகச் செய்தேன் என்பதுதான் விஷயம். பச்சையில் காவியைக் கலந்து, மேலும் கொஞ்சம் மஞ்சள் சேர்த்து, வெயில் பட்ட புல் மாதிரி அந்தக் கிழிசலை மூடும்போது கைக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. நிறம் சரியாக விழுந்தால் வருகிற அதே சந்தோஷம். கீழே யார் வீடு இருந்தது என்று அந்த நேரத்தில் மனசு நினைக்கவே இல்லை. திறப்பு விழாவில் படத்தைப் பாராட்டிப் பேசினார்கள். படத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இரண்டு அடி இடைவெளி. ஜன்னலில் சிவப்பு, சுவரில் பச்சை. அறையில் நின்ற எவரும் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது போனால் அந்தச் சரிவிலும் சிவப்புத் தெரியாது. சீகை முளைத்து மூடிவிட்டது.

ஓவியன் எதையும் விடக்கூடாதா என்று என் தரப்பில் வாதாட ஆள் வரலாம். விடாமல் படம் இல்லை. தாள் நான்கு மூலைக்குள் முடிகிறது. எதை வைப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான் வேலையே. 1837இல் ரிச்சர்ட் பாரன் என்ற ராணுவ அதிகாரி லண்டனில் வெளியிட்ட நீலகிரிக் காட்சிகளின் அச்சுப் படங்களும் தேர்ந்தெடுத்தவைதான். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ஆரம்ப காலத்தில் நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சி வரைந்தவர். பின்னால் சொல்லும் குறியீடுமாக வேறு எங்கோ போய்விட்டார். அவருடைய முன்முயற்சியில் 1966இல் சோழமண்டலம் கிராமத்தை அமைத்த ஓவியர்கள் வயிற்றுப்பாட்டுக்குப் பாத்திக் துணியும் கைவினையும் செய்து விற்றார்கள், ஓவியத்தை ஓவியமாக விட்டுவைப்பதற்காக. எனக்கு அது தலைகீழாகிவிட்டது. ஓவியமே காந்தமும் காலண்டருமாகிவிட்டது. நான் விட்டவற்றில் எதையும் படம் கேட்டு விடவில்லை. விடுதிச் சுவரைத் தவிர மற்றதையெல்லாம் வாங்குகிறவர் கேட்பார் என்று நானே யூகித்து விட்டேன். பாதிப் பேர் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

கொடைக்கானலில் 2018இல் குறிஞ்சி பூத்தபோது போய் வந்து மலை முழுக்க நீலமாக ஒரு படம் போட்டேன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூப்பது, 2006இல் பூத்தபோது தபால் தலையே வெளியிட்டார்கள், ஆகவே விற்கும். நான் பார்த்தது அங்கங்கே திட்டுத் திட்டான நீலம், நடுவில் இங்கே போலவே அந்நிய மரங்கள். அந்தப் படத்தை வாங்கிய ஒரு குடும்பம் அடுத்த பூப்பில், 2030இல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த நீல மலையைப் பார்க்கப்போவதாகச் சொன்னது. வாழ்த்தி அனுப்பினேன்.

போன குளிர்காலத்தில் ஒரு முடிவு செய்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவை உள்ளது உள்ளபடி வரைவது. கம்பம், தொட்டி, சீகை எல்லாவற்றோடும். மனம் திருந்திய கதை என்று நினைக்க வேண்டாம், படம் வரவில்லை. தொட்டி வந்தது, கம்பம் வந்தது. சீகை வரவில்லை. இலை கிளையிலிருந்து எப்படிப் பிரிகிறது, தோப்பாக நிற்கும்போது வெளிச்சம் அதற்குள் எவ்வளவு தூரம் போகிறது, சாம்பல் பச்சைக்கு அடியில் என்ன நிறம் இருக்கிறது என்று ஒன்றும் என் கைக்குத் தெரியவில்லை. சோலை மரத்தின் துளிர்ச் சிவப்பை நான் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். தினம் பார்க்கிற மரத்தை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. தாளில் வந்தது ஏதோ அழுக்குப் பஞ்சு. தாளைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் முயன்றேன், அதுவும் பஞ்சுதான். பணத்துக்காக விட்டேன் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது பாதி உண்மை. கஷ்டமான மரம், அதைக் கற்றுக்கொள்ளச் சோம்பல்பட்டேன். கொள்கை என்றும் வியாபாரம் என்றும் அதற்கு இரண்டு சட்டை மாட்டி வைத்திருந்தேன்.

கொழுந்து பறிக்கிற அக்கா அந்தப் பஞ்சுப் படத்தைப் பார்த்தார். “தொட்டி நல்லாருக்கு தம்பி” என்றார். நியாயமான விமர்சனம். இப்போது சீகையை மட்டும் கரிக்கோலில் எடுத்துப் பழகுகிறேன், முதலாம் ஆண்டு மாணவன் மாதிரி, ஒரு கிளை, பிறகு இன்னொரு கிளை. விற்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் விற்குமா என்பது வேறு கேள்வி.

என் நீலகிரிப் படம் யார் வீட்டிலாவது மாட்டியிருந்தால் ஒரு வேண்டுகோள். அதை இந்த மலைக்குச் சாட்சியாகப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். படத்தைக் கழற்றிக் கொண்டுவந்தால், அல்லது செல்போனில் எடுத்துக் காட்டினால்கூடப் போதும், நோட்டைப் பார்த்து எங்கே என்ன இருந்தது, எதை எடுத்தேன் என்று பின்பக்கத்தில் என் கையாலேயே எழுதித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம். எழுதிய பிறகு படம் பிடிக்காமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், வாங்கிய விலைக்கே. காலண்டர் மட்டும் இந்த ஏற்பாட்டில் சேராது. வருகிற வருஷத்துக்கும் ஆர்டர் வந்து முன்பணம் வாங்கியாகிவிட்டது. பன்னிரண்டு பக்கமும் பழைய மாதிரியே வரும்.